அருங்காட்சியகத் தோல் பொருள்களுக்குப் பதிவெண்: கட்டுவதா, பூசுவதா, ஒட்டுவதா?

ஒரு பொருளையும் அதைப் பற்றிய பதிவேட்டையும் இணைத்து வைத்திருப்பது அதன் பதிவெண் ஒன்றுதான். எண் தொலைந்தால், எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்தக் காலத்தது என்ற விவரம் எல்லாம் சேர்ந்து தொலையும். அதனால் எண்ணைப் பொருளின் மேலேயே நிலையாக எழுதிவிட வேண்டும் என்று பதிவாளர்கள் நினைப்பது இயல்பு. சுடுமண், கல், கண்ணாடி என்றால் வழி எளிது. பேரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை மெல்லிய பட்டையாகத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் எழுதுவார்கள். வேண்டாதபோது அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

இதையே தோலில் செய்யலாமா என்று கேட்டால், பெரும்பாலான தோல்களுக்குக் கூடாது என்பதே பதில். பிசினைத் திரும்ப எடுக்கலாம் என்பது உண்மை. எடுக்கும்போது ஊற்றப்படும் அசிட்டோன் தோலுக்குள் இறங்கி, அங்கிருக்கும் கொழுப்பு, சாயம், கரையக்கூடிய டானின் (தோலைப் பதனிடும் தாவரச் சத்து) ஆகியவற்றைக் கரைத்து ஓரத்துக்குத் தள்ளும். காய்ந்ததும் அந்த ஓரம் ஒரு கருவளையமாக நிற்கும். அந்த வளையத்தை எடுக்க வழியே இல்லை. ஆகவே தோலைப் பொறுத்தவரை ஒரு குறியிடும் முறையின் பாதுகாப்பை அளப்பது பிசினின் குணத்தை வைத்து அல்ல, குறியை நீக்கிய பிறகு தோல் எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலில் செய்யப்பட்டது.

எந்தத் தோல், என்ன நிலை

மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றின் டானினால் பதனிட்ட தோல்தான் பழைய சேகரிப்புகளில் அதிகம். இது இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. பிஹெச் 3-க்கும் 6-க்கும் இடையில் இருக்கும். நீர் பட்டால் கறுக்கும். இரும்பும் ஈரமும் சேர்ந்து பட்டால் டானின் இரும்போடு வினைபுரிந்து மை போன்ற கரும்புள்ளி விழும். காற்றில் இருக்கும் கந்தக டைஆக்சைடை உறிஞ்சிப் பல பத்தாண்டுகளில் இதன் மேற்பரப்பு செந்தூளாக உதிரத் தொடங்கும். பாதுகாப்பாளர்கள் 'ரெட் ராட்' என்று சொல்வது இதைத்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த புத்தகக் கட்டுகளிலும் சேணங்களிலும் இதை நிறையப் பார்க்கலாம்.

குரோம் உப்பால் பதனிட்ட தோல் 1880-களுக்குப் பிறகு வந்தது. நீரையும் சூட்டையும் அதிகம் தாங்கும். படிகாரத்தால் பதமாக்கிய வெள்ளைத் தோல் நேர் எதிர். நீர் பட்டால் படிகாரம் கழுவிப் போய், காய்ந்ததும் விறைத்துவிடும். பதனிடாத பச்சைத் தோலும் எழுதப் பயன்பட்ட தோல் தாளும் ஈரத்துக்கு உடனே நெளிந்து சுருங்கும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. ஈரமான நிலையில் தோல் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் நார்கள் சட்டென்று சுருண்டுவிடும். அது மீளாத மாற்றம். புதிய டானின் தோலுக்கு அந்த வெப்பநிலை ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி செல்சியஸ். குரோம் தோலுக்கு 100-க்கு மேல். மோசமாகச் சிதைந்த பழந்தோலுக்கு அது அறை வெப்பத்தை நெருங்கும் அளவுக்கு இறங்கிவிடும். இஸ்திரிக் கரண்டியால் ஒட்டும் சூட்டுப் பசைகளை யோசிக்கும்போது இந்த எண்கள் நினைவில் இருக்க வேண்டும்.

முறையைத் தீர்மானிக்கும் முன் மூன்று சிறு சோதனைகள் போதும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மறைவான இடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள்; பழுப்புத் தூள் ஏறினால் அது ரெட் ராட், எந்தப் பூச்சும் பசையும் அதற்கு வேண்டாம். அடுத்து, பூதக்கண்ணாடியில் மேற்பரப்பைப் பாருங்கள். முடித்துளைகள் திறந்தபடி தெரிந்தால் திறந்த தோல், தொடர்ச்சியான படலம் தெரிந்தால் மேற்பூச்சு உள்ள தோல். மேற்பூச்சு இருந்து, அதில் எழுதியே ஆக வேண்டும் என்றால் மட்டும் மூன்றாவது சோதனை: பயன்படுத்தப் போகும் கரைப்பானை 2 மி.மீ.க்கு மிகாத ஒரு புள்ளியில் வைத்து, உடனே வெள்ளை ஒற்றுத்தாளை அழுத்தி எடுங்கள். தாளில் நிறம் ஏறக் கூடாது. ஒரு நாள் கழித்துப் பார்க்கும்போது பளபளப்பு மாறியோ, வளையம் விழுந்தோ, பிசுபிசுத்தோ இருக்கக் கூடாது.

சோதனைக்கு முன்பே நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய சேகரிப்புகளில் தோலையும் ரோமத்தையும் பூச்சியிலிருந்து காக்க ஆர்செனிக், பாதரச உப்பு, டி.டி.டி. எல்லாம் பூசியிருக்கிறார்கள். அப்படிச் சந்தேகம் இருந்தால் அந்த எச்சரிக்கையும் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

கட்டும் சீட்டு: முதல் தேர்வு

தோலுக்கு எங்கள் முதல் பரிந்துரை கட்டித் தொங்கவிடும் சீட்டுதான். தோலில் எதுவும் ஊறுவதில்லை, ஒட்டுவதில்லை. அவிழ்த்தால் தடம் இல்லை. இதன் குறை ஒன்றே ஒன்று: யாரும் அவிழ்த்துவிடலாம், அறுந்தும் விழலாம். அதைச் சமாளிக்கும் வழி பின்னால் வருகிறது.

சீட்டுக்கு இரண்டு நல்ல பொருள்கள் உண்டு. ஒன்று, லிக்னின் (தாளை மஞ்சளாக்கும் மரப்பொருள்) இல்லாத, நூறு விழுக்காடு பருத்தித் தாள் அட்டை. ஆவணக் காப்பகங்களுக்கு விற்கும் அட்டைகளில் பெரும்பாலானவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள், அது காரத்தன்மையானது. அமிலத் தன்மையுள்ள தோலோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் சீட்டுக்கு அது சேர்க்காத, நடுநிலை அட்டையே நல்லது. இன்னொன்று டைவெக். பாலிஎத்திலீன் இழைகளை அழுத்திச் செய்த தாள் இது. கிழியாது, நனையாது, அமிலமும் காரமும் இல்லை. அட்டை போன்ற விறைப்பான டைவெக்கும் துணி போன்ற மென்மையான டைவெக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். விறைத்த வகையில் எழுதுவது எளிது, ஆனால் வெட்டிய மூலை கூராக இருக்கும். நைந்த தோலில் அந்த மூலை உராய்ந்தே கோடு விழும். மூலைகளை வளைவாக வெட்டிவிடுங்கள்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், உலர்ந்த, நிலையான சேமிப்பறைக்குப் பருத்தி அட்டை. ஈரம் ஏறி இறங்கும் அறைக்கும் அடிக்கடி எடுத்துப் புழங்கும் பொருளுக்கும் டைவெக். கடையில் நூலோடு கிடைக்கும் விலைச்சீட்டு வகை அட்டைகளை வாங்காதீர்கள். அவற்றின் துளையில் உலோக வளையம் இருக்கும். இரும்பானால் துரு, பித்தளையானால் தோலின் கொழுப்போடு சேர்ந்து பச்சை நிற மெழுகாகக் கசியும். பி.வி.சி. அட்டைகளும் உறைகளும் அப்படித்தான். அவற்றை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியேறித் தோலில் ஒட்டும், நாளடைவில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவரும்.

எழுதுவதற்குத் தாள் அட்டையில் ஹெச்.பி. பென்சிலை மிஞ்சியது இல்லை. மங்காது, நனைந்தாலும் கலையாது. டைவெக்கில் பென்சில் தேய்ந்துவிடும். அங்கே நிறமி மைப் பேனா வேண்டும். பிக்மா மைக்ரான் போன்றவற்றில் 01 அளவு, அதாவது 0.25 மி.மீ. கோடு, பெரும்பாலான சீட்டுகளுக்குச் சரியாக இருக்கும். எழுதிய உடனே கட்டக் கூடாது. டைவெக் மையை உறிஞ்சாது என்பதால் காய நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் விட்டு, விரலால் தேய்த்துப் பார்த்து, கையுறையில் கறை ஏறவில்லை என்றால் மட்டுமே தோலுக்கு அருகில் கொண்டுவர வேண்டும். பந்துமுனைப் பேனா மை சாயம் கலந்தது. அட்டையில் எழுதினாலும் ஈரக்காற்றில் தோலுக்கு இடம்பெயரும். இங்க்ஜெட் அச்சும் சாய மையென்றால் ஒரு சொட்டு நீரில் ஓடிவிடும்.

6, 9 ஆகிய இலக்கங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். சீட்டு தலைகீழாகத் தொங்கும்போது 1966 என்பது 9961 ஆகாமல் காப்பது அந்தக் கோடுதான்.

சீட்டைவிட நூலில்தான் தவறு அதிகம் நடக்கிறது. மீன்பிடி நைலான் நரம்பு வலுவானது என்று பலர் விரும்புகிறார்கள். மெல்லிய வழவழப்பான நரம்பு நைந்த வாரை அறுக்கும். அதைவிட முக்கியம், எங்காவது சிக்கி இழுபட்டால் நரம்பு அறாது, தோல்தான் கிழியும். கட்டு எப்போதும் தோலைவிட வலுக்குறைவாக இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. சாயமேற்றாத, வெளுக்காத பருத்தி நாடா 3 முதல் 6 மி.மீ. அகலத்தில் இருந்தால் அழுத்தம் பரவும், இழுபட்டால் அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். மிக நொய்ந்த பொருளுக்கு ஒற்றைப் பருத்தி நூலே போதும். ரப்பர் வளையம் கூடாது. அதிலிருக்கும் கந்தகம் வெள்ளிப் பூண்களைக் கறுக்க வைக்கும், ரப்பரே உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பி எந்த வடிவிலும் வேண்டாம்.

கட்டும் விதம் இது. நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பைச் சீட்டின் துளை வழியாக நுழைத்து, இரு முனைகளையும் அந்த மடிப்புக்குள் இழுத்துச் சீட்டைப் பூட்டுங்கள். பிறகு பொருளைச் சுற்றி, ஒரு விரல் நுழையும் தளர்வு விட்டுத் தட்டையான இரட்டை முடிச்சு போடுங்கள். முடிச்சுக்கும் சீட்டுக்கும் இடையே 2 முதல் 4 செ.மீ. போதும். நீளமாகத் தொங்கும் சீட்டு இழுப்பறையில் மாட்டிக்கொள்ளும். இறுக்கமாகக் கட்டியது, ஈரத்தில் தோல் உப்பும்போது பதிந்து தடம் விடும்.

எங்கே கட்டுவது என்பதில் அவசரப்படக் கூடாது. கைப்பிடியின் அடிப்பகுதி, தையலோடு கூடிய வளையம், மரக் கைப்பிடி என ஏற்கெனவே சுமை தாங்குவதற்காகச் செய்த பகுதிகளைத் தேடுங்கள். விரிசல் விட்ட வாரைச் சுற்றிக் கட்டாதீர்கள். பித்தளைக் கொக்கியில் பச்சை மெழுகு படிந்திருந்தால் நாடா அதை இழுத்துத் தோலில் பூசும், அங்கேயும் வேண்டாம்.

கட்ட இடமே இல்லாத பொருள்கள்

தட்டையான தோல் துண்டு, கேடயத்தின் தோல் மூடி, உறையிலிருந்து பிரிந்த ஒரு மடல் போன்றவற்றுக்கு நாடா சுற்ற இடம் கிடையாது. இங்கேதான் பலர் பூச்சுக்கும் பசைக்கும் தாவுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, பொருள் இருக்கும் தாங்கியில் எண்ணை எழுதினால் என்ன என்பது. அமிலமில்லா அட்டையில் பொருளின் உருவத்துக்கேற்ப ஒரு படுக்கை வெட்டி, மென்மையான டைவெக் பட்டைகளால் பொருளைத் தளர்வாகப் பிடித்து வைத்து, எண்ணை அட்டையிலேயே எழுதிவிடலாம். பொருளைத் தூக்குபவர் அட்டையோடு தூக்குவார். தோலில் கை படுவதும் குறையும். ரெட் ராட் வந்த தோலுக்கு இதை மிஞ்சிய வழி இல்லை. கட்டும் சீட்டுகூட அங்கே உராய்ந்து தூளை உதிர்க்கும்.

காலணி, பை, அம்பறாத்தூணி போல உள்ளே குழிவுள்ள பொருள்களுக்கு உள்ளே ஒரு தளர்ந்த சீட்டை வைக்கலாம். அது விழாமல் இருக்க, வடிவம் காக்க உள்ளே திணிக்கும் மென்தாள் உருண்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். இது தனியாகப் போதாது. உருண்டையை வெளியே எடுத்துவிட்டு மறந்தால் எண்ணும் போயிற்று.

பேரலாய்டு பூச்சு: எப்போது ஒப்புக்கொள்ளலாம்

மேற்பரப்பில் முழுமையான, உறுதியான படலம் இருக்க வேண்டும்; அந்தப் படலம் கரைப்பான் சோதனையில் தேற வேண்டும்; பொருள் அடிக்கடி இரவலாகப் போவதோ திருட்டு அபாயமோ இருந்து, கட்டும் சீட்டு மட்டும் போதாது என்ற நிலை இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் பூசலாம். நடைமுறையில் நிறமிப் பூச்சுள்ள, நல்ல நிலையிலிருக்கும் குரோம் தோல் சில தேறும். சூயிட், ரோமம் உள்ள தோல், பச்சைத் தோல், எழுதும் தோல், சதைப்பக்கம் வெளியே தெரியும் எதுவும் தேறாது.

கரைசல் 100 மி.லி. அசிட்டோனுக்கு 25 கிராம் பேரலாய்டு பி-72 மணி. மணிகளை வலைத்துணியில் முடிந்து ஜாடியின் மேற்பகுதியில் தொங்கவிட்டால் இரவோடு இரவாகக் கரையும். அடியில் போட்டால் கட்டியாக உறைந்து நாள்கணக்கில் கிடக்கும். மூடியின் உட்பட்டை பாலிஎத்திலீனாக இருக்கட்டும், மற்ற பல பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் தின்றுவிடும். கரைசலை நீர்த்துப் போகச் செய்தால் தடவ எளிதாக இருக்குமே என்று தோன்றும். நீர்த்த கரைசல்தான் துளைகளுக்குள் இறங்கிக் கறையாகும். கெட்டியானது மேலேயே படலமாக நிற்கும்.

மெல்லிய தூரிகையால் 5 மி.மீ. அகலம், 25 மி.மீ. நீளத்துக்கு ஒரே இழுப்பு. திரும்பத் தடவினால் பாதி காய்ந்த படலம் இழுபட்டு நூல் நூலாக வரும், குமிழும் விழும். மழைநாளில், காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது செய்யாதீர்கள். அசிட்டோன் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து படலம் பால் போல வெளுத்துப் பலவீனமாகும். கருந்தோலுக்கு டைட்டானியம் டைஆக்சைடு கலந்த வெள்ளைப் பேரலாய்டு உண்டு. அதன்மேல் கறுப்பில் எழுதினால் தெளிவாகத் தெரியும்.

நன்றாகக் காய்ந்த பிறகு நிறமி மையால் எழுதி, மேலே ஒரு காப்புப் பூச்சு. இதற்கும் பி-72-வையே அசிட்டோனில் கொடுத்தால் அடிப்படலம் கரைந்து எண் கலையும். வைட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரையும் பேரலாய்டு பி-67 அதற்காகத்தான் இருக்கிறது, 20 விழுக்காடு அளவில். ஆனால் வைட் ஸ்பிரிட் மெழுகையும் எண்ணெயையும் கரைக்கும். ஆகவே மேற்பூச்சு அடிப்பட்டையின் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும், ஒரு மி.மீ. வெளியே வழிந்தால் அங்கே தோலின் மெழுகு போய் மங்கிய விளிம்பு தெரியும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. எண்ணெய் ஊட்டிய தோலிலும், கொழுப்பு வெண்பொடியாக வெளியே பூத்திருக்கும் தோலிலும் படலம் பிடிக்காது. வளைக்கும் இடத்தில் செதிலாகக் கழன்று விழும், கூடவே எண்ணும். இன்னொன்று வெப்பம். பி-72 ஏறத்தாழ 40 டிகிரியில் இளகத் தொடங்கும். கோடையில் குளிரூட்டாத அறையிலும், விளக்குச் சூடு படும் காட்சிப்பெட்டியிலும் அது தூசைப் பிடிக்கும், சுற்றிய தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

தோல் என்று நினைப்பது தோலாக இல்லாமலும் இருக்கலாம். செல்லுலோஸ் நைட்ரேட் பூசிய துணியும் பி.வி.சி. பூசிய துணியும் தோலைப் போலவே முடித்துளை பதித்து விற்கப்பட்டன. அசிட்டோன் பட்ட நொடியில் செல்லுலோஸ் நைட்ரேட் கரைந்து குழி விழும். பளபளக்கும் பேட்டன்ட் தோலின் பூச்சு, பழையதானால் ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ், பிற்காலத்ததானால் பாலியுரித்தேன். இரண்டுமே முதுமையில் பிசுபிசுக்கும். அதில் பூச்சும் வேண்டாம், தாள் சீட்டு சாய்ந்து கிடக்கவும் விடக் கூடாது. தாள் அப்படியே ஒட்டி, பிரிக்கும்போது பளபளப்பை உரித்துவிடும். சீட்டுக்கும் பரப்புக்கும் நடுவே சிலிகோன் பூசிய பாலியெஸ்டர் தாள் ஒன்றைச் செருகுங்கள்.

ஒட்டும் சீட்டு

மெல்லிய ஜப்பானியத் தாளில் எண்ணை அச்சிட்டு ஒட்டுவது மரத்துக்கும் கூடைப் பின்னலுக்கும் அழகாகப் பொருந்தும். தோலில் சிக்கல் பசையில்தான். கோதுமை ஸ்டார்ச் பசையில் நீர் அதிகம்; டானின் தோலில் சீட்டின் வடிவத்திலேயே கரும்பட்டை விழும். மீத்தைல் செல்லுலோஸ் நீரை ஓரளவு பிடித்து வைக்கும், என்றாலும் நீர் நீர்தான். க்ளூசல் ஜி என்ற செல்லுலோஸ் வகைப் பசையை எத்தனாலில் 4 அல்லது 5 விழுக்காடு கூழாக்கிப் பயன்படுத்தினால் நீர்ச் சிக்கல் போகும், ஆனால் எத்தனால் அரக்கு மெருகையும் சில சாயங்களையும் கரைக்கும். பீவா 371 போன்ற சூட்டுப் படலத்துக்கு ஏறத்தாழ 65 டிகிரி சூடு வேண்டும். சிதைந்த தோலின் சுருங்கும் வெப்பத்தை மேலே சொன்னோம். எந்தப் பசையானாலும் நொய்ந்த தோலில் சீட்டு விழும்போது தோலின் மேலடுக்கையும் சேர்த்துக்கொண்டு விழும். பூச்சைவிட இது மேல் என்று சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை. தோல் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் ஒரு பொருளைப் பழுதுபார்க்கும்போது, ஒட்டுத்துணியின் மீதே எண்ணையும் எழுதி ஒட்டுவது மட்டும் நியாயமான விதிவிலக்கு.

தையல், பென்சில்

தோலில் ஊசி குத்தினால் துளை மூடாது. துணியைப் போல நார் விலகி மறுபடி சேருவதில்லை. வரிசையாகக் குத்திய துளைகள் தபால்தலை ஓரம் போலக் கிழியக் காத்திருக்கும். பழைய தையல் துளைகளிலும் புதிய நூலை நுழைக்காதீர்கள். ஆனால் சட்டை, பை, தொப்பி போன்றவற்றில் துணி உள்ளுறை நல்ல நிலையில் இருந்தால், பருத்தி நாடாவில் எண் எழுதி, உள்ளுறையை மட்டும் பிடித்து இரு முனைகளிலும் இரண்டிரண்டு தளர்ந்த தையல் போடலாம். அது மிக நல்ல முறை; கட்டும் சீட்டைவிட மறைவாகவும் நிலையாகவும் இருக்கும்.

எழுதும் தோலில் மென்பென்சிலால் அழுத்தாமல் மறைவான மூலையில் எண் எழுதுவது நெடுநாள் வழக்கம், ஏற்கத்தக்கது. வெளிர் நிறத் தோலின் சதைப்பக்கத்திலும் சிலர் எழுதுகிறார்கள். தேய்ந்து மறையும் என்பதால் அதை இரண்டாவது குறியாக மட்டுமே வைக்கலாம்.

ஸ்டிக்கர், பார்கோடு, மின்னணுச் சீட்டு

தானே ஒட்டும் எந்தச் சீட்டும் தோலில் படக் கூடாது. அதன் பசை முதலில் துளைகளுக்குள் வழிந்து இறங்கும், பிறகு இறுகிக் கரையாத பழுப்பாக மாறும். பார்கோடு வேண்டுமென்றால் கட்டும் சீட்டில் அச்சிடுங்கள். ரெசின் ரிப்பன் பயன்படுத்தும் வெப்பமாற்று அச்சு டைவெக்கில் நன்றாக நிற்கும். ரசீது அச்சுப் பொறியின் வெப்பத்தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லை டைவெக் உறைக்குள் வைத்துத் தொங்கவிட்டால் பெட்டியைத் திறக்காமலே கணக்கெடுக்கலாம். தோலைத் தொடுவது குறைவதால் அதை வரவேற்கிறோம். ஆனால் கண்ணால் படிக்கும் எண் அதே சீட்டில் கட்டாயம் வேண்டும். கருவி பழுதான நாளில் சில்லால் பயனில்லை.

சில பொருள்களை முன்வைத்து

ஜோடிக் காலணியில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும், 1987.24.3.1, 1987.24.3.2 என்பது போல. கயிறு கோக்கும் கண் இருந்தால் உலோக வளையமில்லாத கண்ணில் நாடாவைக் கோக்கலாம். இல்லையென்றால் பாதத்தின் நடுவளைவைச் சுற்றித் தளர்ந்த நாடா.

சேணத்தில் அங்கவடி வார் மாட்டும் இரும்பு வளையமும் பின்பக்கத்து வளையங்களும் கட்ட நல்ல இடங்கள். துரு இருந்தால் நாடாவுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சுற்று டைவெக் பட்டை. கழற்றக்கூடிய ஒவ்வொரு உறுப்புக்கும் தனிச் சீட்டு வேண்டும். சேணங்கள் பிரிந்தால் வாரின் எண்ணில்லாமல் மறுபடி சேர்ப்பது கடினம்.

நிழற்கூத்துத் தோல் பாவையில் பதனிடாத தோலைப் பளிங்கு போல மெலிதாக்கித் துளையிட்டு வண்ணம் தீட்டியிருப்பார்கள். துளைகளைப் பார்த்ததும் அதில் கட்டத் தோன்றும். கட்டினால் துளைக்கும் துளைக்கும் நடுவிலுள்ள மெல்லிய பாலம் அறும். இயக்கும் கோலின் அடியில் கட்டுங்கள். வண்ணத்தில் சீட்டு உராயாதபடி நாடாவைக் குட்டையாக வையுங்கள்.

தோல் கட்டுப் புத்தகத்துக்கு முதுகில் எதுவும் வேண்டாம். பாலியெஸ்டர் படலத்தில் மேலுறை மடித்து அதன்மேல் சீட்டை ஒட்டலாம். எண்ணை உள்ளே தாளில் பென்சிலால் எழுதலாம்.

அகழாய்வில் நீரூறிக் கிடைத்த தோலுக்கு மேலே சொன்னவற்றில் ஒன்று தலைகீழாகிறது: பருத்தி நாடா ஈரத்தில் அழுகும். இங்கே பாலியெஸ்டர் நூல், டைவெக் சீட்டு, வலைப்பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. அதே சீட்டு, ஈரத்தோலைப் பதப்படுத்தும் பாலிஎத்திலீன் கிளைக்கால் குளியலையும் உறைநிலை உலர்த்தலையும் கடக்க வேண்டும் என்பதால் மையை மட்டும் நம்பாமல் எண்ணைத் துளைகளாகக் குத்தியும் வைப்பது நல்லது.

இரண்டாவது அடையாளம்

கட்டும் சீட்டின் குறையை ஈடுசெய்வது இரண்டாவது அடையாளம்தான். சீட்டு பொருளில், அதே எண் பெட்டியின் வெளியிலும் தாங்கியிலும். திருட்டைப் பொறுத்தவரை, பூச்சு எண்ணையும் திருடன் துடைத்துவிடுவான். அவனால் மாற்ற முடியாதது தோலின் முடித்துளை அமைப்பு. இரண்டு தோல்களில் அது ஒன்றுபோல் இருப்பதில்லை. மறைவான ஓரிடத்தையும், பழைய வடு, பூச்சித் துளை, தையல் பிசகு உள்ள ஓரிடத்தையும் அளவுகோல் வைத்து நெருங்கிப் படமெடுத்து, எடுத்த இடத்தையும் பதிவேட்டில் குறித்துவிடுங்கள். கலைப்பொருள்களை விவரிப்பதற்காக 1997-இல் வெளிவந்த ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேசத் தரமும் புகைப்படத்தையும் தனித்து அடையாளம் காட்டும் குறைபாடுகளையும் பதிவின் அடிப்படைக் கூறுகளாகவே வைத்திருக்கிறது.

பழைய எண்ணோ, ஒட்டிய பழைய சீட்டோ இருந்தால் தவறானது என்று தெரிந்தாலும் அகற்ற வேண்டாம். அதுவும் பொருளின் வரலாறு. எடுக்க முயன்றால் தோலும் வரும். படமெடுத்து, எழுத்தை அப்படியே பதிவில் ஏற்றி, புதிய எண்ணைத் தனிச் சீட்டில் கட்டுங்கள். ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாடாவின் தளர்வு, சீட்டு பட்ட இடத்தில் நிற மாற்றம், முடிச்சைச் சுற்றி உதிர்ந்த தூள் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஏதாவது தென்பட்டால் சீட்டைப் பொருளிலிருந்து எடுத்துத் தாங்கிக்கு மாற்றுங்கள்.